வீட்டில் கட்டிய 7 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர்: திரையைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

ரிசீவரைக் கட்டி முடித்துப் பவர் கொடுத்ததும் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். மீதிப் பாதிக்குத்தான் சிக்னல் ஜெனரேட்டர், ஆசிலாஸ்கோப், ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்று ஒரு பெரிய பட்டியல் சொல்வார்கள். நம்மில் பலரிடம் இருப்பது ஒரு மல்டிமீட்டரும் ஒரு பழைய லேப்டாப்பும்தான். அந்த லேப்டாப்பில் ஆடியோ ஸ்பெக்ட்ரம் மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொண்டால் அலைன்மென்ட் (ரிசீவரின் பகுதிகளைச் சரியாக ஒத்திசைக்கும்) வேலையின் பெரும்பகுதியை அதை வைத்தே முடித்துவிடலாம்.

இங்கே எடுத்துக்கொள்வது பிட்எக்ஸ் வகை ரிசீவர். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ்20, பிட்எக்ஸ்40 சர்க்யூட்டுகளை நம்மூர் ஹாம்கள் (அமெச்சூர் ரேடியோக்காரர்கள்) பலர் வீட்டிலேயே கட்டியிருக்கிறார்கள். 40 மீட்டர் ரிசீவரில் வரும் 7 மெகாஹெர்ட்ஸ் சிக்னலோடு 5 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓடும் வி.எஃப்.ஓ. (டயலால் மாறும் ஆசிலேட்டர்) கூடி 12 மெகாஹெர்ட்ஸ் ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) ஆகிறது, அது குறுகிய பட்டையை மட்டும் உள்ளே விடும் கிரிஸ்டல் ஃபில்ட்டரைத் தாண்டிப் போய் பி.எஃப்.ஓ.வோடு (ஆடியோவை மீட்டுத் தரும் நிலையான ஆசிலேட்டர்) கலந்து ஆடியோவாக வெளியே வருகிறது. உங்களுடைய ஐ.எஃப். வேறாக இருந்தாலும் வழிமுறை இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே எழுதியிருப்பது எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். திரையில் ஒரு கோடோ மேடோ பள்ளமோ தெரிந்தால் அது எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று ஊகிக்காதீர்கள். ரிசீவரில் ஒன்றே ஒன்றைத் திருகுங்கள், திரையில் எது நகர்கிறது, எது அசையாமல் நிற்கிறது என்று பாருங்கள். வி.எஃப்.ஓ.வைத் திருகினால் வெளியிலிருந்து வரும் சிக்னல்கள் மட்டும் நகரும். பி.எஃப்.ஓ.வைத் திருகினால் அவற்றோடு கிரிஸ்டல் ஃபில்ட்டரின் விளிம்புகளும் சேர்ந்து நகரும். முன்பக்க டியூனிங்கைத் திருகினால் உயரம் மட்டும் மாறும். எதைத் திருகினாலும் அசையாதது ஆடியோ பகுதியிலோ கம்ப்யூட்டரிலோ பிறந்தது.

முதலில் இணைப்பு

மென்பொருள் உங்கள் விருப்பம். விண்டோஸில் ஸ்பெக்ட்ரம் லேப் இலவசம், அதில் இல்லாத வசதி கிடையாது, ஆனால் முதல் நாள் அதன் மெனுக்களைப் பார்த்தால் தலை சுற்றும். டிஜிட்டல் மோடுக்காக ஏற்கெனவே எஃப்.எல்.டிஜி வைத்திருந்தால் அதன் வாட்டர்ஃபாலே (நேரம் போகப்போகக் கீழிறங்கும் ஸ்பெக்ட்ரம் படம்) பல சோதனைகளுக்குப் போதும். ஆடாசிட்டியில் ஒரு நிமிடம் பதிவு செய்து ஸ்பெக்ட்ரம் வரைபடம் போட்டாலும் ஃபில்ட்டரின் வடிவம் தெரிந்துவிடும். ஆண்ட்ராய்டு போனில் ஸ்பெக்ட்ராய்டு இருக்கிறது, அவசரத்துக்கு ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்துப் பார்க்கலாம், ஆனால் அப்போது ஸ்பீக்கரின் குணமும் போன் மைக்கின் குணமும் சேர்ந்து தெரியும். உருவத்தை அளக்க வயர் இணைப்புதான் சரி.

ஸ்பீக்கர் வெளியீட்டை நேராக மைக் துளையில் செருகாதீர்கள். தொடராக ஒரு 10 கிலோ ஓம், அதற்குப் பிறகு கிரவுண்டுக்கு ஒரு 1 கிலோ ஓம், அந்த இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக மைக் முனை. கெப்பாசிட்டரை விட்டுவிட வேண்டாம், ஏனென்றால் மைக் துளையில் எலக்ட்ரெட் மைக்குக்கான டி.சி. வோல்டேஜ் இருக்கும். ஒற்றைத் துளை லேப்டாப்பாக இருந்தால் மைக்கையும் ஹெட்போனையும் பிரிக்கும் கேபிளோ மலிவான யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டோ வேண்டும். (யூ.எஸ்.பி. என்றால் இந்தக் கட்டுரையில் கம்ப்யூட்டர் துளை மட்டும்தான். ரேடியோவில் இதே சுருக்கம் பெறும், அடிப்படை அலைக்கு மேல்பக்கக் குரல் பட்டையை அப்பர் சைடுபேண்ட் என்றே எழுதுகிறேன், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.)

அடுத்தது, நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது. விண்டோஸில் மைக்குக்கான இரைச்சல் குறைப்பு, எக்கோ நீக்கம், தானியங்கி லெவல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நாம் அளக்கப்போவதே இரைச்சலைத்தான், அதை மென்பொருள் ‘சுத்தம்’ செய்துகொடுத்தால் திரையில் தெரிவது ரிசீவரின் படமே அல்ல. ரிசீவரில் ஏ.ஜி.சி. (சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் பகுதி) இருந்தால் அதையும் அணையுங்கள். ட்ரான்ஸீவராக (அனுப்பவும் வாங்கவும் செய்யும் பெட்டியாக) கட்டியிருந்தால் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அமைப்புகள்: அதிர்வெண் அச்சு 0 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை, உயரம் டெசிபெல்லில். சாம்பிள் ரேட் 12,000, எஃப்.எஃப்.டி. (ஒரு தடவை கணக்கில் எடுக்கும் சாம்பிள் எண்ணிக்கை) 4096 என்று வைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே சுமார் 3 ஹெர்ட்ஸ். அதே 4096ஐ 48,000 சாம்பிள் ரேட்டில் வைத்தால் இடைவெளி 12 ஹெர்ட்ஸ் ஆகிவிடும், மேட்டின் உருவம் பார்க்க அதுவும் போதும், ஹம்மையும் நகர்வையும் பார்க்கப் போதாது. இரைச்சலைப் பார்க்கும்போது சராசரியைக் கூட்டி வையுங்கள், ஐம்பது நூறு முறை சராசரி எடுத்தால்தான் புல் மாதிரி துள்ளும் கோடு அடங்கி வடிவம் தெரியும்.

இரைச்சலுக்கு ஆண்டெனாவே போதும், 40 மீட்டரில் அதற்குப் பஞ்சமே கிடையாது, நிலையங்கள் இல்லாத இடமாகத் தேடி நிறுத்திக்கொள்ளுங்கள். மாலையில் அப்படி ஒரு இடம் கிடைப்பது கஷ்டம் என்றால் ஒரு பி.சி.547 ட்ரான்சிஸ்டர் எடுத்து, பேஸை கிரவுண்டில் வைத்து, 12 வோல்ட்டிலிருந்து 22 கிலோ ஓம் வழியாக எமிட்டருக்குக் கொடுங்கள், கலெக்டர் சும்மா இருக்கட்டும். தலைகீழாக வோல்டேஜ் வாங்கும் எமிட்டர் ஜங்ஷன் உடைந்து இரைச்சலைக் கொட்டும். அதை 1 நானோ ஃபாரட் வழியாக எடுத்து ஒரு ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் பெருக்கி ஆண்டெனா துளையில் கொடுத்தால் நிலையான இரைச்சல் மூலம் தயார்.

ஒழுங்கான ரிசீவரில் என்ன தெரியும்? சுமார் 300 ஹெர்ட்ஸில் ஏறி, ஓரளவு சமமாகப் போய், 2,600 அல்லது 2,700 பக்கம் இறங்கும் ஒரு மேடு. அதற்கு வெளியே தரை.

மேடே தெரியவில்லை, அல்லது தெரிந்தும் ஆண்டெனாவுக்கு அசையவில்லை

வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலை விரலால் தொடுங்கள். 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் திரையில் எழுந்தால் ஆடியோ பகுதியும் கேபிளும் சரி. எழவில்லை என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், ஆடியோ ஆம்ப்ளிஃபயர் சிப்பான எல்.எம்.386ஐப் போய்ப் பாருங்கள்.

ஆடியோ சரி, மேடு இல்லை என்றால் பி.எஃப்.ஓ. ஓடாமல் இருக்கலாம். பி.எஃப்.ஓ. ஓடினால், ஆண்டெனா இல்லாமலேயே ஐ.எஃப். ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சல் ஃபில்ட்டரைத் தாண்டி வந்து ஒரு சின்ன மேட்டையாவது காட்டும். மேடு தெரிகிறது, பி.எஃப்.ஓ.வை நிறுத்தினால் மறைகிறது, ஆனால் ஆண்டெனாவைச் செருகினாலும் பிடுங்கினாலும் ஒரே உயரம் என்றால் சந்தேகம் வி.எஃப்.ஓ. மீதும் முதல் மிக்சர் மீதும்தான். வீட்டில் சிற்றலை ரேடியோ இருந்தால் அதை 4.8 மெகாஹெர்ட்ஸுக்கும் 5 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையே மெல்லத் திருப்புங்கள், வி.எஃப்.ஓ. உயிரோடு இருந்தால் ஓர் இடத்தில் ரேடியோவின் இரைச்சல் சட்டென அடங்கும்.

குரல் கீச்சென்று மெலிந்திருக்கிறது, அல்லது மந்தமாக இருக்கிறது

புதிதாகக் கட்டிய ரிசீவர்களில் மிகவும் சகஜமான கோளாறு இது, காரணம் பெரும்பாலும் ஒன்றே: பி.எஃப்.ஓ. தவறான இடத்தில் நிற்கிறது. 7 மெகாஹெர்ட்ஸில் நாம் கேட்பது லோயர் சைடுபேண்ட் (கேரியர் எனும் அடிப்படை அலைக்குக் கீழ்ப்பக்கக் குரல் பட்டை). மேலே சொன்ன கூட்டல் கலப்பில் சைடுபேண்ட் புரளாது, அதனால் பி.எஃப்.ஓ. ஃபில்ட்டரின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். ரொம்பத் தள்ளிப் போய்விட்டால் மேடு 700, 800 ஹெர்ட்ஸில்தான் தொடங்கும், 3,300 வரை போகும், குரலில் அடி இருக்காது. ஃபில்ட்டருக்கு உள்ளேயே புகுந்துவிட்டால் மேடு 0விலிருந்தே தொடங்கி 1,700இல் முடிந்துவிடும், போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும்.

சரிசெய்வது எளிது. இரைச்சலைக் கொடுத்து, சராசரியை ஓடவிட்டு, பி.எஃப்.ஓ. ட்ரிம்மரைப் பிளாஸ்டிக் திருகியால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிக் கையை எடுங்கள். உலோக ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், அதன் கெப்பாசிட்டன்ஸே அதிர்வெண்ணை இழுத்துவிடும், நீங்கள் கையை எடுத்ததும் மேடு நழுவி வேறு இடத்துக்குப் போய்விடும். கிரிஸ்டலோடு தொடராக இருக்கும் ட்ரிம்மரில் கெப்பாசிட்டன்ஸைக் குறைத்தால் பி.எஃப்.ஓ. ஏறும், மேடு வலப்பக்கம் போகும். கூட்டினால் இறங்கும், மேடு இடப்பக்கம் வரும். சராசரி புதிதாகச் சேரப் பத்து விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த திருப்பு. இடது விளிம்பு, மேட்டின் உயரத்திலிருந்து 6 டெசிபெல் இறங்கும் இடம், 300 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். கேரியர் (இங்கே பி.எஃப்.ஓ.வின் அதிர்வெண்) ஃபில்ட்டரின் சரிவில் 20 டெசிபெல் கீழே உட்கார வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு, இந்த இடமும் ஏறக்குறைய அதுதான்.

ட்ரிம்மரைக் கடைசி வரை திருப்பியும் மேடு போதுமான அளவு இடப்பக்கம் வரவில்லையா? தொடரில் சில மைக்ரோ ஹென்ரி இண்டக்டர் ஒன்றைச் சேர்த்தால் பி.எஃப்.ஓ. இன்னும் இறங்கும். பி.எஃப்.ஓ.வும் எஸ்.ஐ.5351 என்ற அதிர்வெண் உருவாக்கும் சிப்பிலிருந்தே வருகிறது என்றால் நிரலில் எண்ணை 50 ஹெர்ட்ஸ் 50 ஹெர்ட்ஸாக மாற்றிப் பார்த்தால் போதும், கொடுத்துவைத்தவர்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இடது விளிம்பு 600 ஹெர்ட்ஸில் நிற்கிறது என்று பி.எஃப்.ஓ.வைத் திருப்புகிறீர்கள், வலது விளிம்பு நகர்கிறது, இடது விளிம்பு நகர மாட்டேன் என்கிறது. அப்படியானால் அந்த விளிம்பு ஃபில்ட்டருடையதே அல்ல, ஆடியோ பகுதியில் எங்கோ ஒரு சின்ன கப்ளிங் கெப்பாசிட்டர் அடி அதிர்வெண்களை வெட்டுகிறது. 0.1 மைக்ரோ ஃபாரட் போட வேண்டிய இடத்தில் 0.01 இருக்கிறதா என்று பாருங்கள். உறுதி செய்ய வேண்டுமென்றால் ஆடாசிட்டியில் வெள்ளை இரைச்சலை உருவாக்கி, ஹெட்போன் வெளியீட்டிலிருந்து வால்யூம் கன்ட்ரோலுக்குக் கொடுத்து, ஸ்பீக்கர் பக்கம் வருவதைத் திரையில் பாருங்கள், அதுதான் ஆடியோ பகுதியின் தனி உருவம். அதை ஒருமுறை சேமித்து வைத்துக்கொண்டால் பிறகு ஃபில்ட்டரைத் திட்டும் முன் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

ஜீரோ பீட்டைத் தாண்டிய பிறகும் அதே நிலையம் கேட்கிறது

ஜீரோ பீட் என்பது டயலைத் திருப்பும்போது டோன் 0 ஹெர்ட்ஸாக இறங்கும் இடம். இதைச் சோதிக்க ஒரு நிலையான கேரியர் (குரல் ஏறாத வெறும் அலை) வேண்டும். எஸ்.ஐ.5351இல் சும்மா இருக்கும் வெளியீடு, அல்லது 7.159 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஒரு சின்ன ஆசிலேட்டர், எதுவானாலும் சரி. அதை 1,000 ஹெர்ட்ஸ் டோனாக வைத்து டெசிபெல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். டயலை மெதுவாகத் திருப்பி ஜீரோவைத் தாண்டி மறுபக்கம் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோய் மறுபடி குறியுங்கள். நான்கு கிரிஸ்டல் ஃபில்ட்டரில் இரண்டுக்கும் வித்தியாசம் 40 டெசிபெல்லாவது இருக்க வேண்டும்.

10, 15 டெசிபெல்தான் என்றால் முதலில் மேலே சொன்னபடி பி.எஃப்.ஓ. ஃபில்ட்டருக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். விளிம்புகள் சரியான இடத்தில் இருந்தும் வித்தியாசம் குறைவு என்றால் சிக்னல் ஃபில்ட்டரைச் சுற்றிக்கொண்டு போகிறது. அப்போது டயலை 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளினாலும் டோன் முழுவதாக மறையாமல் மெலிதாகத் தொடர்ந்து தெரியும் (இதற்கு மட்டும் அதிர்வெண் அச்சை விரித்து வையுங்கள், சாம்பிள் ரேட்டும் 48,000 வேண்டும்). கிரிஸ்டல் டப்பாக்களைக் கிரவுண்டோடு சால்டர் செய்யுங்கள், வேகமாக, ரொம்பச் சூடாக்காமல். ஃபில்ட்டரின் நுழைவுக்கும் வெளியேற்றுக்கும் நடுவே ஒரு தகரத் துண்டை நிறுத்திப் பாருங்கள். போர்டுக்கு மேலே குறுக்காகப் போகும் பி.எஃப்.ஓ. வயரும் சில நேரம் இந்த வேலையைச் செய்யும்.

மேட்டில் பள்ளங்கள்

இரண்டு மூன்று டெசிபெல் ஏற்ற இறக்கம் காதுக்குத் தெரியாது, விட்டுவிடுங்கள். 6 டெசிபெல்லுக்கு மேல் குழி விழுந்தால் குரலில் ஒரு அருவருப்பான அழுத்தம் வரும். பி.எஃப்.ஓ.வை 200 ஹெர்ட்ஸ் நகர்த்துங்கள். குழியும் 200 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் அது ஃபில்ட்டரில் இருக்கிறது. நகராவிட்டால் ஆடியோவில், அல்லது அணைக்க மறந்த இரைச்சல் குறைப்பில்.

ஃபில்ட்டர் குழிக்குக் காரணம் இரண்டு. ஒன்று, இரு முனைகளிலும் ஃபில்ட்டர் எதிர்பார்க்கும் இம்பீடன்ஸ் கிடைக்காதது. தற்காலிகமாக ஒரு முனையில் ரெசிஸ்டர் மதிப்பை மாற்றிப் பார்த்தாலே குழி ஆழமாவதும் ஆழம் குறைவதும் தெரியும். இன்னொன்று, கிரிஸ்டல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாதது. கடையில் 12 மெகாஹெர்ட்ஸ் என்று ஒரே பையில் கொடுப்பவை தங்களுக்குள் நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் வித்தியாசப்படும், ஃபில்ட்டருக்கு எடுப்பவை 50 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நல்லது.

அதைத் தேர்ந்தெடுக்கவும் இதே மென்பொருள்தான். ஒரே சோதனை ஆசிலேட்டரில் கிரிஸ்டல்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள், 12 மெகாஹெர்ட்ஸ் எடுக்கும் எஸ்.எஸ்.பி. (ஒற்றை சைடுபேண்ட்) ரிசீவர் ஒன்றில் அந்த டோனைக் கேளுங்கள், டயலைத் தொடாமல் திரையில் டோனை மட்டும் படித்து எழுதிக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும்தான், உண்மையான அதிர்வெண் எவ்வளவாக இருந்தால் என்ன. கிரிஸ்டலை விரலால் பிடித்துச் செருகியிருந்தால் உடனே படிக்காதீர்கள். வாட்டர்ஃபாலில் கோடு நேராக விழாமல் வளைந்துகொண்டே வரும், அது உங்கள் விரல் சூடு இறங்குவது. கோடு நிமிர்ந்த பிறகு படியுங்கள், அல்லது பிளாஸ்டிக் இடுக்கியால் பிடியுங்கள்.

ஹம்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். திரையில் 50, 150, 250 என்று நின்றால் கிரவுண்ட் லூப்பையோ பக்கத்து ட்ரான்ஸ்ஃபார்மரையோ சந்தேகியுங்கள். 100, 200, 300 என்று நின்றால் பவர் சப்ளையின் ஃபில்ட்டர் கெப்பாசிட்டர். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் போய்விட்டால் ரிசீவர் மீது குற்றமே இல்லை, பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது நடுவே 600 ஓம் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.

காதால் கேட்டால் பிரித்தறிய முடியாத இன்னொரு வகை உண்டு. 1,000 ஹெர்ட்ஸில் ஒரு கேரியரை வையுங்கள். அதன் இரு புறமும் 900இலும் 1,100இலும் குட்டிக் கோடுகள் நிற்கின்றனவா? டயலைத் திருப்பிக் கேரியரை 1,500க்குக் கொண்டுபோனால் அவையும் கூடவே 1,400க்கும் 1,600க்கும் போகின்றனவா? அப்படியானால் ஹம் ஆடியோவில் ஏறவில்லை, வி.எஃப்.ஓ. அல்லது பி.எஃப்.ஓ. மீதே ஏறியிருக்கிறது. ஆடியோ பகுதியில் எவ்வளவு பெரிய கெப்பாசிட்டர் போட்டாலும் இது போகாது. ஆசிலேட்டருக்குத் தனியாக ஒரு ரெகுலேட்டர், அதன் வாயிலேயே டீகப்ளிங், அதுதான் மருந்து. 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் உறுதியாகிவிடும்.

நகராத கோடு, தப்பாக நகரும் கோடு

சரியாக 1,000, 2,000, 3,000 ஹெர்ட்ஸில் மெல்லிய கோடுகள், எதைத் திருகினாலும் அசையவில்லை என்றால் அது பெரும்பாலும் யூ.எஸ்.பி. இரைச்சல், அந்தத் துளையில் தகவல் 1 மில்லி விநாடிக்கு ஒரு கட்டாகப் போகிறது, அதன் ஓசைதான். சவுண்ட் கார்டு கேபிளை மாற்றுங்கள், கிரவுண்டைக் கவனியுங்கள். டிஸ்ப்ளேயைப் பிடுங்கினால் மறையும் கோடுகள் டிஸ்ப்ளேயுடையவை.

டயலை 100 ஹெர்ட்ஸ் திருப்பினால் வெளி சிக்னல் 100 ஹெர்ட்ஸ் நகர வேண்டும். 200 நகர்ந்தால், 500 நகர்ந்தால், அது ரிசீவருக்குள்ளேயே பிறந்த விசில். நகரும் வேகமே எத்தனையாவது ஹார்மானிக் (மடங்கு அதிர்வெண்) என்று சொல்லிவிடும். 12 மெகாஹெர்ட்ஸ் ஐ.எஃப்.இல் ஒன்று வரக்கூடிய இடம் முன்கூட்டியே தெரியும்: வி.எஃப்.ஓ.வின் ஐந்தாம் ஹார்மானிக்கும் பி.எஃப்.ஓ.வின் இரண்டாம் ஹார்மானிக்கும் 24 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் சந்திக்கின்றன, அப்போது வி.எஃப்.ஓ. 4.8, டயல் 7.2, நம் பேண்டின் மேல் விளிம்பு. அதைத் துரத்திக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம், ஷீல்டிங்கில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு போதும்.

வேகம் சரி, திசை தலைகீழ் என்றால் நீங்கள் கேட்பது இமேஜ், அதாவது 17 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து நிலையம். அதற்கு முன்பக்க பேண்ட்பாஸ் ஃபில்ட்டரைப் பார்க்க வேண்டும்.

வாட்டர்ஃபாலில் கோடு சாய்கிறது

எஸ்.ஐ.5351 போட்டவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். காயிலும் கெப்பாசிட்டரும் வைத்த வி.எஃப்.ஓ. என்றால் ஒரு கேரியரை வைத்துவிட்டு அரை மணி நேரம் வாட்டர்ஃபாலை ஓடவிடுங்கள். ஆரம்பத்தில் வளைந்து போகப்போக நிமிர்ந்தால் சூடேறுவதுதான், சாதாரண செராமிக் கெப்பாசிட்டர்களை எடுத்துவிட்டு என்.பி.ஓ. (சூட்டில் மதிப்பு மாறாத) வகையோ பாலிஸ்டைரீனோ போடுங்கள். படிக்கட்டாக எகிறி எகிறிக் குதித்தால் சால்டரோ ட்ரிம்மரோ சரியில்லை. குரலின் உரத்த இடங்களில் மட்டும் கோடு நெளிந்தால் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் கரண்டில் சப்ளை அமிழ்கிறது, வால்யூமைக் குறைத்தால் நெளிவு அடங்கும், வி.எஃப்.ஓ.வுக்கு 78எல்05 மாதிரி தனி ரெகுலேட்டர் கொடுத்தால் ஒரேயடியாகத் தீரும்.

நகர்வது வி.எஃப்.ஓ.வா பி.எஃப்.ஓ.வா? கேரியரோடு பின்னணி இரைச்சலின் மேட்டையும் பாருங்கள். கோடு நகர்ந்து மேட்டின் விளிம்பு நின்ற இடத்திலேயே நின்றால் வி.எஃப்.ஓ. இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் போனால் பி.எஃப்.ஓ.

எல்லாம் சரி, ஆனால் சத்தம் குறைவு

டம்மி லோடிலிருந்து (ஆண்டெனாவுக்குப் பதிலாக வைக்கும் ரெசிஸ்டர்) ஆண்டெனாவுக்கு மாற்றும்போது இரைச்சல் மேடு 6 முதல் 10 டெசிபெல் எழுந்தால் 40 மீட்டருக்கு அந்த உணர்திறன் தாராளம். அதற்கு மேல் பெருக்கினால் நிலையத்தோடு இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். எழவில்லை என்றால் முன்பக்க ட்ரிம்மர்களை மேட்டின் உயரத்தைப் பார்த்தே உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் ஒரே அதிர்வெண்ணில் உச்சமாக்கினால் பேண்டின் இரு முனைகளும் செத்துப்போகும், இரண்டு ட்ரிம்மர் என்றால் ஒன்றை 7.05இலும் மற்றதை 7.15இலும் வைத்துவிட்டு 7.000 முதல் 7.200 வரை நடந்து பாருங்கள். உயரம் மூன்று டெசிபெல்லுக்குள் இருந்தால் விடுங்கள்.

சத்தம் கூடிக் கரகரப்பும் சேர்ந்துகொண்டால் 1,000 ஹெர்ட்ஸ் டோனுக்குப் பக்கத்தில் 2,000, 3,000 முளைத்திருக்கும். கம்ப்யூட்டரின் மைக் லெவலைக் குறைத்ததும் அவை டோனைவிட வேகமாக விழுந்தால் சவுண்ட் கார்டு திணறியிருக்கிறது, ரிசீவர் வால்யூமைக் குறைத்தால் மட்டும் விழுந்தால் எல்.எம்.386.

டயல் ஒன்று சொல்கிறது, நிலையம் வேறிடத்தில் இருக்கிறது

7.2க்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன, அவற்றின் கேரியர்கள் நம் வேலைக்குப் போதுமான துல்லியம் கொண்டவை. 7.210இல் ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். லோயர் சைடுபேண்டில் டயலை 7.211இல் வைத்தால் டோன் சரியாக 1,000 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும். 1,154 வருகிறது என்றால் ரிசீவர் டயல் சொல்வதைவிட 154 ஹெர்ட்ஸ் மேலே நிற்கிறது.

நிறையப் பேர் இந்த இடத்தில் நிரலில் பி.எஃப்.ஓ. எண்ணை 154 மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். லோயர் சைடுபேண்டில் சரியாகிவிடும், அப்பர் சைடுபேண்டுக்கு மாற்றியதும் பிழை இன்னும் பெரிதாகும், ஏனென்றால் இதில் இரண்டு பிழைகள் கலந்திருக்கின்றன: எஸ்.ஐ.5351இன் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் பிழை ஒன்று, நிரலில் எழுதிய பி.எஃப்.ஓ. எண்ணின் பிழை ஒன்று. பிட்எக்ஸ்40இன் ராடுயினோ (வி.எஃப்.ஓ.வை ஓட்டும் கன்ட்ரோல் போர்டு) முறையில் அப்பர் சைடுபேண்டுக்கு வி.எஃப்.ஓ. பி.எஃப்.ஓ.வுக்கு மேலே, 19 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போய்விடுகிறது. அதுதான் நமக்கு வசதி. இப்போது அப்பர் சைடுபேண்டுக்கு மாற்றி டயலை 7.209இல் வையுங்கள், டோன் 866 என்றால் இங்கே ரிசீவர் 134 ஹெர்ட்ஸ் மேலே நிற்கிறது.

பி.எஃப்.ஓ. எண்ணின் பிழை இரண்டு பக்கமும் எதிரெதிர்க் குறியோடு வரும், ஆகவே கூட்டினால் அடிபட்டுப் போகும். 154 கூட்டல் 134, 288. லோயரில் வி.எஃப்.ஓ. 4.79, அப்பரில் 19.21, இரண்டுக்கும் வித்தியாசம் 14.42. 288ஐ 14.42ஆல் வகுத்தால் ஏறக்குறைய 20, அதாவது எஸ்.ஐ.5351 பத்து லட்சத்துக்கு 20 பங்கு வேகமாக ஓடுகிறது. அதில் லோயர் பக்கம் 4.79 பெருக்கல் 20, சுமார் 96 ஹெர்ட்ஸ், ரிசீவரைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அப்படியும் 154 மேலே நின்றது என்றால் உண்மையான பி.எஃப்.ஓ. நிரலில் உள்ளதைவிட 250 ஹெர்ட்ஸ் மேலே இருக்கிறது. இந்தக் கணக்கை பி.எஃப்.ஓ. ட்ரிம்மர் வேலையெல்லாம் முடிந்த பிறகே போடுங்கள், இல்லாவிட்டால் திரும்பப் போட வேண்டிவரும்.

இரண்டு எண்களையும் நிரலில் மாற்றி, வேறொரு கேரியரில் இரு சைடுபேண்டிலும் மறுபடி பாருங்கள். டோன் 1,000க்குப் பத்து ஹெர்ட்ஸ் இப்படி அப்படி நின்றால் பெட்டியை மூடலாம். தகர மூடி என்றால் அது பி.எஃப்.ஓ. ட்ரிம்மருக்கு நெருக்கமாக உட்காரும்போது அதிர்வெண்ணைக் கொஞ்சம் இழுக்கும், ஆகவே மூடிய பிறகும் மேட்டின் இடது விளிம்பையும் டோனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ட்ரிம்மருக்கு நேராக மூடியில் திருகி நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டு வைத்தால் பிறகு திறக்கவே வேண்டியதில்லை.